எழுதிவைக்கும் மருத்துவமனை

மயக்க மருந்து கொடுத்து வலி தெரியாமல் அறுவை செய்வது. ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவது. கத்தியை எடுக்குமுன் தியேட்டரில் இருக்கும் எல்லாரும் ஒரு நிமிடம் நின்று, நோயாளியின் பெயர் என்ன, என்ன அறுவை, எந்தப் பக்கம் என்று உரக்கச் சொல்லிச் சரிபார்ப்பது. இவை மூன்றும் இன்று உலகம் முழுக்க அன்றாடம் நடக்கின்றன. இவை எங்கிருந்து பரவின என்று தேடிப்போனால் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒரே மருத்துவமனைக் குழுமத்தில் போய் நிற்போம். அதன் இன்றைய பெயர் மாஸ் ஜெனரல் பிரிகாம். லாபத்துக்காக நடத்தப்படாத, பாடமும் ஆராய்ச்சியும் சேர்ந்த பெரிய மருத்துவமனை என்றால் என்ன, அது எப்படி நடக்கிறது, அதனால் மருத்துவத்துக்கு என்ன கிடைத்தது என்பதை இந்த ஒன்றை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

கதை 1810ல் தொடங்குகிறது. ஜேம்ஸ் ஜாக்சன், ஜான் காலின்ஸ் வாரன் என்ற இரு மருத்துவர்கள் பாஸ்டனின் செல்வந்தர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் வசதியுள்ளவர்களுக்கு வைத்தியம் வீட்டில்தான் நடந்தது. நோயில் விழுந்தால் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்களுக்குத்தான் மருத்துவமனை தேவைப்பட்டது. அவர்களுக்காகக் கேட்டதோடு நிறுத்தாமல், மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் நோயாளியின் படுக்கையருகே நின்று கற்க ஓர் இடம் வேண்டும் என்பதையும் அந்தக் கடிதம் வாதாடியது. ஆக, ஏழைக்கு வைத்தியம், மாணவனுக்குப் பாடம் என்ற இரண்டும் கட்டடம் எழும்புவதற்கு முன்பே ஒன்றாகக் கட்டப்பட்டுவிட்டன. 1811ல் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றம் அனுமதி கொடுத்தது. ஊர் கூடிப் பணம் திரட்டியது. 1821ல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை முதல் நோயாளியைச் சேர்த்துக்கொண்டது.

குழுமத்தின் இன்னொரு தூண் பிரிகாம். பீட்டர் பென்ட் பிரிகாம் என்பவர் பாஸ்டனில் உணவகம் நடத்தியும் நிலம் வாங்கி விற்றும் சம்பாதித்தவர். தன் சொத்தைக் கொண்டு வசதியற்ற நோயாளிகளுக்கு மருத்துவமனை கட்டும்படி உயில் எழுதிவிட்டு 1877ல் இறந்தார். அந்த மருத்துவமனை 1913ல் திறந்தது. 1980ல் பெண்களுக்கான ஒரு மருத்துவமனையும் இன்னொரு பிரிகாம் மருத்துவமனையும் அதோடு சேர்ந்து 'பிரிகாம் அண்டு விமன்ஸ்' ஆனது. 1994ல் இதுவும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையும் ஒரே குடையின் கீழ் வந்தன. 2019ல்தான் இப்போதைய பெயர் அறிவிக்கப்பட்டது. மனநலத்துக்கு மெக்லீன், மறுவாழ்வுச் சிகிச்சைக்கு ஸ்பால்டிங் என்று வேறு பல மருத்துவமனைகளும் இதில் அடக்கம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். இவை ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் போதனை மருத்துவமனைகள். ஆனால் ஹார்வர்டுக்குச் சொந்தமானவை அல்ல. மருத்துவமனைக்குத் தனி நிர்வாகக் குழு, தனிக் கணக்கு. கல்லூரி மாணவர்கள் இங்கே வந்து கற்கிறார்கள், இங்குள்ள மருத்துவர்கள் அங்கே பேராசிரியர்களாக இருக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரியையும் அதன் மருத்துவமனையையும் ஒரே துறை நடத்திப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு கொஞ்சம் புதிது.

1846 அக்டோபர் 16. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மேல்மாடியில், குவிமாடத்துக்குக் கீழே, படிப்படியாக இருக்கைகள் கொண்ட அறுவைக் கூடம். வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஒரு கண்ணாடிக் குடுவையிலிருந்து ஈதர் என்ற மயக்க மருந்தின் ஆவியை நோயாளிக்கு முகரக் கொடுத்தார். 68 வயதான வாரன், 1810ல் கடிதம் எழுதிய அதே வாரன், நோயாளியின் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தார். நோயாளி கத்தவில்லை. மாணவர்களும் மருத்துவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதமே ஹென்றி பிகலோ என்ற இளம் மருத்துவர் அதைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். டிசம்பர் முடிவதற்குள் லண்டனில் ஈதர் கொடுத்து ஒரு காலை எடுத்துவிட்டார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு பகுதி உண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் கிராஃபர்டு லாங் என்ற மருத்துவர் 1842லேயே ஈதர் கொடுத்து அறுவை செய்திருந்தார். அவர் அதை எழுதி வெளியிட்டது 1849ல். நடுவில் கழிந்த ஆண்டுகளில், அவர் ஊரைத் தாண்டி யாருக்கும் அதனால் பயன் கிடைக்கவில்லை. மார்ட்டன் மட்டும் என்ன, பெரிய மனசுக்காரரா? மருந்துக்கு 'லீத்தியான்' என்று ஒரு பெயர் சூட்டி, உள்ளே இருப்பது என்ன என்று சொல்லாமல் காப்புரிமை வாங்கப் பார்த்தார். என்ன மருந்து என்று சொல்லாவிட்டால் இங்கே இனி அதைப் பயன்படுத்த விடமாட்டோம் என்று மருத்துவமனையின் மருத்துவர்கள் உறுதியாக நின்றார்கள். அவர் சொல்ல வேண்டியதாயிற்று. பலர் முன்னிலையில் செய்து காட்டு, என்ன செய்தாய் என்று சொல், எழுதி வெளியிடு: போதனை மருத்துவமனையின் மருத்துவத் தொண்டு என்று நான் நினைப்பது இந்த மூன்று கட்டாயங்களைத்தான். புத்திசாலி மருத்துவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் கண்டதை மற்றவர்கள் சோதித்துப் பார்க்கும்படி வெளியே கொண்டுவரும் ஏற்பாடு எல்லா ஊரிலும் இல்லை.

அந்த ஏற்பாடு வார்டில் எப்படித் தெரியும்? காலையில் ரவுண்ட்ஸ் வரும் கூட்டத்தைப் பார்த்தாலே போதும். முன்னால் பொறுப்பு மருத்துவர். அவரோடு, நம் ஊரில் ஹவுஸ் சர்ஜன் என்றும் பி.ஜி. டாக்டர் என்றும் சொல்கிறோமே, அந்தப் பயிற்சி மருத்துவர்கள். பின்னால் மாணவர்கள். நோயாளி தன் கதையை மூன்று பேருக்கு மூன்று முறை சொல்ல நேரும். அது அலுப்புத்தான். ஆனால் கேஸ் ஷீட்டில் எழுதப்பட்ட ஒவ்வொரு முடிவுக்கும் "ஏன்?" என்று கேட்க ஒருவர் நிற்கிறார், பதில் சொல்ல ஒருவர் கடமைப்பட்டிருக்கிறார். மாணவன் கேட்கும் எளிய கேள்விக்குப் பதில் இல்லாமல் போகும் இடத்தில்தான் பல ஆராய்ச்சிகள் பிறக்கின்றன.

ஏற்பாடு இருந்தும் மனிதர்கள் அதை விரும்பாமல் போவதுண்டு. எர்னஸ்ட் அமோரி காட்மன் கதை அதுதான். இந்தக் கட்டுரையில் ஒரே ஒருவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இவர் பெயரை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

காட்மன் 1869ல் பிறந்தவர், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவர். அவர் கேட்டது மிக எளிய கேள்வி. அறுவை செய்து வீட்டுக்கு அனுப்பிய நோயாளி ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார்? வலி போயிற்றா? வேலைக்குப் போகிறாரா? போகவில்லையென்றால் தவறு எங்கே, நோயிலா, நம் கையிலா? ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டு, திரும்ப வரவழைத்து, இறுதி விளைவு என்ன என்று எழுதத் தொடங்கினார். மருத்துவமனைகள் எல்லாமே இப்படி எழுதி, பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்றார். யாருக்கு எவ்வளவு அனுபவம் என்பதைவிட யாருடைய நோயாளிகள் நலமாக இருக்கிறார்கள் என்பதை வைத்துப் பதவி தர வேண்டும் என்றார்.

யாருக்குப் பிடிக்கும்? மூப்பு அடிப்படையில் பதவி தரும் வழக்கத்தை எதிர்த்து அவர் 1914ல் மருத்துவமனைப் பொறுப்பிலிருந்து விலகினார். 1915 ஜனவரியில் நகரின் மருத்துவர்களைக் கூட்டி வைத்து ஒரு பெரிய கேலிச்சித்திரத்தைத் திறந்து காட்டினார். மண்ணில் தலையைப் புதைத்த நெருப்புக்கோழி ஒன்று, பணக்காரப் பகுதி மக்களைக் குறிக்கிறது. அது இடும் பொன்முட்டைகளைப் பக்கத்தில் மருத்துவர்கள் பொறுக்கிக்கொள்கிறார்கள். தாங்கள் செய்யும் வைத்தியத்தால் பயன் உண்டா என்று கணக்குப் பார்த்தால் முட்டை நின்றுபோகுமோ என்று அவர்களுக்குப் பயம், இதுதான் படத்தின் பொருள். நண்பர்கள் விலகினார்கள், ஹார்வர்டில் ஆசிரியர் வேலையும் போயிற்று.

அதற்கு முன்பே, 1911ல், அவர் சொந்தமாக ஒரு சிறு மருத்துவமனை தொடங்கியிருந்தார். 1916 வரை 337 நோயாளிகளுக்குச் சிகிச்சை தந்து வீட்டுக்கு அனுப்பினார். அவர்களைக் கவனித்ததில் நேர்ந்த 123 தவறுகளை வகைப்படுத்தி, தன் தவறுகள் உட்பட, அச்சிட்டு வெளியிட்டார். நூறாண்டு கழித்தும் இப்படி ஒரு பட்டியலைத் தானாக வெளியிடும் மருத்துவமனையைக் கண்டுபிடிப்பது கடினம். அவர் 1940ல் இறந்தார், கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை. ஆனால் அவர் முன்னின்று எழுப்பிய கோரிக்கையிலிருந்துதான் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி மருத்துவமனைகளுக்குத் தர அளவுகோல் வகுக்கும் வேலை தொடங்கியது. இன்று மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் முறை அந்த வழியில் வந்தது. 2014ல், சக துறையினர் சேர்ந்து அவர் கல்லறைக்குக் கல் நாட்டினார்கள்.

காட்மன் கேட்ட கேள்வி எவ்வளவு ஆழமானது என்பதை அடுத்த கதை காட்டும். 1954 டிசம்பர் 23, பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனை. ரிச்சர்டு ஹெரிக் என்ற இளைஞரின் இரு சிறுநீரகங்களும் செயலிழந்து உயிர் ஊசலாடியது. அவருடைய இரட்டைச் சகோதரர் ரொனால்டு தன்னுடையதில் ஒன்றைத் தர முன்வந்தார். அறுவை மருத்துவர் ஜோசப் மரே, சிறுநீரக மருத்துவர் ஜான் மெரில், கொடையாளியிடமிருந்து உறுப்பை எடுத்த ஹார்ட்வெல் ஹாரிசன் என்று ஒரு குழுவே இதன் பின்னால் இருந்தது.

மரேக்கு இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவையான விஷயம். அவர் அடிப்படையில் உருவமைப்பு அறுவை மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் தீக்காயம் பட்ட வீரர்களுக்கு அடுத்தவர் தோலை ஒட்டிச் சிகிச்சை செய்தவர். அந்நியத் தோலை உடல் சில வாரங்களில் உதறிவிடுவதைத் தினமும் கண்டார். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் நடுவே மட்டும் அது ஒட்டிக்கொள்ளும் என்பதும் ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்டிருந்தது. ஹெரிக் சகோதரர்கள் அப்படிப்பட்ட இரட்டையர்தானா என்று உறுதிப்படுத்த ஒருவர் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தார்கள். காவல் நிலையத்துக்கு அனுப்பிக் கைரேகையைக்கூட ஒப்பிட்டார்கள். அங்கிருந்துதான் செய்தி பத்திரிகைகளுக்குக் கசிந்தது.

நல்ல உடம்போடு இருக்கும் ஒருவரை, அவருக்கு எந்தப் பயனும் இல்லாத ஓர் அறுவைக்கு உட்படுத்தலாமா? மருத்துவத்துக்கு அது புதிய கேள்வி. குழு வெளியாரையும் கலந்து பேசியது, மதத் தலைவர்களிடமும் கேட்டது. அறுவை ஐந்தரை மணி நேரம் நடந்தது. பொருத்திய சிறுநீரகம் அங்கேயே வேலை செய்யத் தொடங்கியது. ரிச்சர்டு தன்னைக் கவனித்துக்கொண்ட செவிலியரையே மணந்து, இரு மகள்களுக்குத் தந்தையாகி, இன்னும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ரொனால்டு 2010 வரை இருந்தார். மரேக்கு 1990ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இரட்டையரல்லாத மற்ற எல்லாருக்கும் என்ன வழி? அதற்கு இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. உடலின் எதிர்ப்பைத் தணிக்கக் கதிர்வீச்சைக் கொடுத்துப் பார்த்தார்கள், பல நோயாளிகள் இறந்தார்கள். பிறகு அசதையோபிரின் என்ற மருந்து வந்தது. 1962ல், இறந்த ஒருவரின் சிறுநீரகத்தை இரத்த உறவே இல்லாத ஒருவருக்குப் பொருத்தி மரேயின் குழு வெற்றி கண்டது. இந்த இடைப்பட்ட ஆண்டுகளை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தோல்வி அடுக்கடுக்காக வரும்போது, பணம் போட்டவருக்கு லாபம் காட்ட வேண்டிய எந்த நிறுவனமும் கடையைக் கட்டியிருக்கும். ஒவ்வொரு சாவையும் ஆராய்ந்து எழுதி, அடுத்ததில் என்ன மாற்றலாம் என்று உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்கு நன்கொடையும் ஆராய்ச்சி நிதியும் வேண்டும்.

அதே வழியில் இன்னொரு படி, 2024 மார்ச் 16. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், மரபணுக்களில் 69 திருத்தங்கள் செய்யப்பட்ட பன்றியின் சிறுநீரகத்தை ரிச்சர்டு ஸ்லேமன் என்பவருக்குப் பொருத்தினார்கள். உயிரோடிருக்கும் மனிதருக்கு இப்படிச் செய்தது அதுவே முதல் முறை. அவர் வீடு திரும்பினார், மே மாதம் காலமானார். பொருத்திய உறுப்பால் சாவு நேர்ந்ததற்கு அறிகுறி இல்லை என்று மருத்துவமனை சொன்னது. உறுப்புக்காகக் காத்திருக்கும் ஆயிரக்கணக்கானோருக்கு வழி பிறக்க வேண்டும் என்பதற்காகவும் அவர் ஒப்புக்கொண்டார் என்று அவர் குடும்பம் தெரிவித்தது.

படுக்கையில் கிடப்பவர்களை மட்டும் பார்த்தால் நோய் எப்படி வருகிறது என்று தெரியாது. அதற்கு நலமாக இருப்பவர்களைப் பல ஆண்டுகள் தொடர வேண்டும். 1976ல் ஃபிராங்க் ஸ்பைசர் என்ற மருத்துவர் தொடங்கிய, பிரிகாமோடு சேர்ந்த செவிலியர் ஆய்வு அப்படிப்பட்டது. 30 முதல் 55 வயதுவரை உள்ள சுமார் 1,21,700 செவிலியர்களுக்கு அஞ்சலில் கேள்வித்தாள் போயிற்று. கருத்தடை மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதே முதல் கேள்வி. பிறகு உணவு, புகை, உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்தன. வனஸ்பதி போன்ற கெட்டியாக்கிய எண்ணெய்களில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்கு ஆகாது என்று 1993ல் காட்டியது இந்தத் தகவல் குவியல்தான். ஆண் மருத்துவர்கள் 22,071 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு முதல் மாரடைப்பு 44 விழுக்காடு குறைந்ததாக 1989ல் சொன்னது. உலகமே ஆஸ்பிரின் சாப்பிடத் தொடங்கியது. 2018ல் வெளிவந்த பெரிய ஆய்வுகள், நோயில்லாத முதியவர்களுக்கு அதனால் வரும் இரத்தக்கசிவு பயனை விஞ்சுகிறது என்றன. அறிவுரை மாறியது. மருத்துவர்கள் மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே என்று எரிச்சல்படுபவர்கள் உண்டு. மாற்றிச் சொல்ல முடிவதால்தான் அதை நம்பலாம் என்பது என் எண்ணம்.

காட்மனின் அட்டை பிரிகாமில் வேறு வடிவங்களில் திரும்பி வந்தது. மருந்துச் சீட்டைக் கையால் எழுதாமல் கணினியில் பதிந்தால் கடுமையான மருந்துத் தவறுகள் பாதிக்கு மேல் குறைவதை 1998ல் தங்கள் வார்டுகளிலேயே அளந்து காட்டினார்கள். 2004ல் இன்னும் துணிச்சலான ஒன்று. பயிற்சி மருத்துவர்கள் 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து டூட்டி பார்ப்பது தொழில் தர்மம் போலக் கருதப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு குழுவுக்குப் பழைய நேரம், இன்னொரு குழுவுக்குக் குறைந்த நேரம் என்று பிரித்துப் பார்த்ததில், பழைய முறையில் கடுமையான தவறுகள் 36 விழுக்காடு அதிகம். தூக்கமில்லாத இளம் மருத்துவரைக் குறை சொல்லும் பழக்கத்துக்கு அது ஓர் அடி. 2009ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே தலைமையில் உலக சுகாதார நிறுவனத்துக்காக 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் சோதிக்கப்பட்டது. அறுவைக்குப் பின் இறப்பவர்கள் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தார்கள். தொடக்கத்தில் சொன்ன அந்த ஒரு நிமிட நிற்றல் அங்கிருந்து பரவியது.

இனி பணம். லாப நோக்கமற்றது என்றால் இலவசம் என்று பொருளில்லை. மலிவு என்றும் பொருளில்லை. பங்குதாரர் கிடையாது, மிச்சப்படும் பணம் யார் வீட்டுக்கும் போகாது, நிறுவனத்துக்குள்ளேயே செலவாக வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நிபந்தனை. பதிலுக்கு வருமான வரியும் சொத்து வரியும் இல்லை. ஊருக்கு நன்மை செய்கிறோம் என்று கணக்குக் காட்ட வேண்டும். பாஸ்டன் நகரில் பெரிய மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் நிறைய நிலத்தை வைத்திருப்பதால், வரிக்கு ஈடாக ஒரு தொகையை விரும்பித் தரும்படி நகராட்சி கேட்டு வாங்குகிறது. நோயாளிகளின் காப்பீட்டுப் பணம், மத்திய அரசின் ஆராய்ச்சி மானியம், நன்கொடை என்று மூன்று வாய்க்கால்களில் வரவு. பயிற்சி மருத்துவர்களின் சம்பளத்தில் பெரும்பங்கு 1965ல் வந்த முதியோர் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் வழியாக அரசு தருவது. ஆக, ஒரு மருத்துவரை உருவாக்கும் செலவில் ஒரு பங்கை அமெரிக்க மக்களே வரியாகக் கட்டுகிறார்கள்.

இங்கேதான் எனக்குக் கவலை. உடம்பைப் பற்றிய கணக்கை இவ்வளவு நேர்மையாக வெளியே வைத்த நிறுவனம், விலையைப் பற்றிய கணக்கைத் தானாக வெளியே வைக்கவில்லை. இரு பெரும் பெயர்கள் 1994ல் இணைந்தபின், எந்தக் காப்பீட்டு நிறுவனமும் அவற்றை விட்டுவிட்டுப் பாஸ்டனில் திட்டம் விற்க முடியாது என்ற நிலை வந்தது. பேரம் பேசும் பலம் கூடியது. 2008ல் பாஸ்டன் குளோப் நாளிதழின் புலனாய்வுக் குழு, அதே சிகிச்சைக்கு மற்ற மருத்துவமனைகளைவிட இவர்களுக்கு அதிகம் தரப்படுவதை அம்பலப்படுத்தியது. 2010ல் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அறிக்கை, விலை வேறுபாட்டுக்குக் காரணம் சிகிச்சையின் தரமல்ல, சந்தைப் பலம் என்றது. கூடுதல் விலையைக் கட்டியவர்களில் அந்த மருத்துவமனைப் படியை மிதிக்காதவர்களும் உண்டு. எல்லாருடைய காப்பீட்டுக் கட்டணத்திலும் அது கரைந்துவிடும்.

மாநிலம் 2012ல் ஒரு சட்டம் இயற்றி, சுகாதாரக் கொள்கை ஆணையம் ஒன்றை அமைத்தது. மருத்துவச் செலவு ஆண்டுக்கு எவ்வளவு உயரலாம் என்று இலக்கு வைப்பது அதன் வேலை. 2022 ஜனவரியில் அந்த ஆணையம், தன் வரலாற்றிலேயே முதல் முறையாக, ஒரு நிறுவனத்திடம் செலவுக் குறைப்புத் திட்டம் கொடுக்கும்படி உத்தரவிட்டது. அந்த நிறுவனம் மாஸ் ஜெனரல் பிரிகாம். புறநகரங்களில் புதிய சிகிச்சை மையங்கள் கட்டும் யோசனையும் அதே ஆண்டு கைவிடப்பட்டது. செப்டம்பரில் ஏற்கப்பட்ட திட்டத்தின்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 17.6 கோடி டாலர் மிச்சப்படுத்த ஒப்புக்கொண்டார்கள். விலையைக் குறைப்பது, நோயாளியைச் செலவு குறைந்த இடத்துக்கு மாற்றிப் பார்ப்பது, தேவையற்ற பரிசோதனைகளைத் தவிர்ப்பது என்று திட்டம் நீண்டது. அதை ஆணையம் வெளிப்படையாகக் கண்காணித்தது. ஒவ்வோர் அறுவைக்கும் விளைவை எழுது என்று காட்மன் கேட்டதுபோல, ஒவ்வொரு ரசீதுக்கும் காரணத்தை எழுது என்று கேட்கும் வேலையை இப்போது மாநில அரசு எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த வேலையும் மருத்துவம் சார்ந்ததுதான் என்று மருத்துவக் கல்லூரிகள் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.